மாமன் மடியும் ஒரு வெல்ஷ் சொல்லும்

1

போன வாரம் எங்கள் முதியோர் இல்லத்துக்குப் புதிய படிவம் ஒன்று வந்தது. மாதம் ஒரு படிவம் எப்படியும் வந்துவிடும். பழைய படிவத்தை நிறுத்துவதற்கும் ஒரு படிவம் உண்டு. பதினான்கு வருடமாக இந்த ஊரில் செவிலியனாக இருக்கிறேன். நோயாளியின் நாடியைப் பிடித்த நேரத்தை விடப் பேனாவைப் பிடித்த நேரம்தான் அதிகம்.

ஊர் என்று நான் சொல்வது வேல்ஸ் நாட்டின் தெற்கே, இரண்டு மலைகளுக்கு இடையில் சொருகி வைத்த ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டினார்கள். இப்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அன்று தோண்டியவர்களில் பலர் இன்று எங்கள் இல்லத்தில் இருக்கிறார்கள். நான் மதுரை கோச்சடைக்காரன். மலை என்றால் எங்களுக்கு அழகர்மலை ஒன்றுதான். அதையும் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

இந்தப் புதுப் படிவத்தில், இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டு நிரப்ப வேண்டிய கேள்விகள் இருந்தன. தேநீரில் சர்க்கரை போடலாமா? அறைக் கதவைச் சாத்த வேண்டுமா, திறந்து வைக்க வேண்டுமா? இப்படியே போய்க் கடைசியில் ஒரு கேள்வி: 'குட்ச் கொடுக்கலாமா?' எதிரே மூன்று கட்டங்கள். ஆம், இல்லை, கேட்டுவிட்டு.

மாடி அறையில் இருக்கும் பெரியவர் ஒருவர், ரக்பியில் வேல்ஸ் ஜெயிக்கிற அன்றைக்கு மட்டும் என்று எழுதச் சொன்னார். அதற்குக் கட்டம் இல்லை என்றேன். கட்டம் போடு என்றார். போட்டேன். அந்தப் படிவங்களைக் கட்டி வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆவணியில் அழகர்கோவிலில் நடந்தது நினைவுக்கு வந்தது. அதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தில் அதைப் பார்த்தால் உயிரெழுத்தே இருக்காது. நடுவில் ஒரு டபிள்யூ நிற்கும். வெல்ஷ்காரர்கள் அந்த டபிள்யூவை 'உ' என்று வாசிப்பார்கள். அதனால் 'குட்ச்'.

நான் வந்து இறங்கிய அன்று, அறை வாடகைக்கு விட்ட அம்மாள் என் பெட்டியைக் காட்டி, அதைக் குட்ச்சில் வை என்றார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கதவு. உள்ளே துடைப்பம், குடை, பழைய செருப்பு, ஒரு இஸ்திரிப் பெட்டி. சரி, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பொந்துக்குத்தான் இந்தப் பெயர் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் இல்லத்தில் ஒரு கிழவி, தன் பேத்தி ஊருக்குக் கிளம்பும்போது, ஒரு குட்ச் கொடு என்று இரண்டு கையையும் நீட்டினார். பேத்தி அப்படியே குனிந்து கட்டிக்கொண்டாள். பிறகு விசாரித்தபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கரி கொட்டி வைக்கும் மறைப்பும் குட்ச்தான். நாயைப் படுக்கச் சொல்லவும் குட்ச். சாமானைப் பத்திரமாக எடுத்து வைக்கிற இடம் குட்ச். ஆளைப் பத்திரமாக அணைத்து வைத்துக்கொள்வதும் குட்ச். வெறுமனே கட்டிப்பிடிப்பது வேறு, இது வேறு என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். கட்டிப்பிடித்தால் கை மட்டும்தான் வேலை செய்யும், குட்ச் என்றால் உள்ளே ஒரு இடம் கொடுக்க வேண்டும் என்றார் குவென்.

குவென் எங்கள் இல்லத்தின் அலுவலகத்தில் இருப்பவர். ஐம்பத்தைந்து வயது. என் பெயருக்குப் படிவங்களில் நேர்ந்த கதியைப் புரிந்துகொண்ட புண்ணியவதி. எனக்கு எல்லாத் தமிழர்களையும் போல ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான். குடும்பப் பெயர் எங்கே என்று இந்த நாடு கேட்டது. அப்பா பெயரைக் கொடுத்தேன். அன்று முதல் நான் மிஸ்டர் பெருமாள். யாராவது கூப்பிட்டால் அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். வெல்ஷ்காரர்களும் முன்பு எங்களைப் போல அப்பா பெயரைத்தான் ஒட்டிக்கொண்டார்களாம். ரைஸ் மகன் என்பதற்கு 'ஆப் ரைஸ்'. இங்கிலாந்துக்கார குமாஸ்தாக்கள் எழுதி எழுதி அது 'ப்ரைஸ்' ஆகிவிட்டதாம். குவெனின் குடும்பப் பெயரே ப்ரைஸ்தான். ஆகவே இருவரும் ஒரே வகையில் பாதிக்கப்பட்டவர்கள் என்று கைகுலுக்கிக்கொண்டோம்.

குட்ச் என்ற சொல்லுக்கு ஈடாக உலகத்தில் வேறு எந்த மொழியிலும் சொல் கிடையாது, அது மலையோடு பிறந்த சொல் என்பது குவெனின் கட்சி. என் மகள் நிலா வெல்ஷ் வழிப் பள்ளியில் படிக்கிறாள். அவள் ஒருநாள் அகராதியைப் பார்த்துவிட்டு, அது வெல்ஷே இல்லை, படுக்கிற இடத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த சொல் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து மலையேறி வந்திருக்கிறது என்றாள். நான் அறிவில்லாமல் அதை மறுநாள் குவெனிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, எங்கிருந்து வந்தால் என்ன, இங்கே வந்த பிறகுதானே அதற்கு அணைக்கத் தெரிந்தது என்றார். வடக்கு வேல்ஸ்காரர்கள் இந்தச் சொல்லை அவ்வளவாகப் புழங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். மறுபடி இரண்டு நாள் போய்விடும் என்று அதைச் சொல்லவில்லை.

3

இனி மடிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். நகை பிறகு, விருந்து பிறகு, மடி முதலில். மாமன் வராமல் காது குத்தினார்கள் என்றால் அந்த வீட்டில் ஏதோ சண்டை என்று அர்த்தம். யாருடைய மடியில் உட்கார்ந்து அழுததோ அவன்தான் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மாமன்.

என் தங்கை செல்விக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் இனியன். அவனுக்குக் காது குத்தியபோது நான் போகவில்லை. என் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்காகக் குடியேற்ற அலுவலகத்தில் இருந்தது. திரும்பக் கேட்டால் விண்ணப்பமே ரத்து என்றார்கள். ரத்து ஆனால் வேலை போகும், வேலை போனால் ஊருக்கு ஒரேயடியாகப் போக வேண்டியதுதான். தங்கையிடம் சொன்னேன். சரிண்ணே என்றாள். அந்த 'சரி'யில் எத்தனை டிகிரி குளிர் என்று இந்த ஊர்க் குளிரில் பழகியவனுக்குத் தெரியும்.

என் பெரியப்பா மகன் முத்து எனக்குப் பதிலாக உட்கார்ந்தான். அவன் காளவாசலில் பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். எனக்கு நான்கு வயது இளையவன். நல்ல விரிந்த மடி. காது குத்துவதை வீடியோ காலில் காட்டினார்கள். எங்கள் இல்லத்தில் அலைபேசிக்கு சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது மாடிப்படிக்கு அடியில் மட்டும்தான். ஆகவே என் மருமகன் காதில் ஊசி இறங்கியபோது, அவனுடைய தாய்மாமன் வேல்ஸ் நாட்டில் துடைப்பங்களுக்கு நடுவே குட்ச்சுக்குள் குந்தியிருந்தான்.

அதன் பிறகு இனியனுக்கு மாமா என்றால் முத்துதான். சைக்கிள் பழக்கியது, தெப்பக்குளம் கூட்டிப்போனது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அவன். நான் 'வேல்ஸ் மாமா'. மாமாவுக்கு முன்னால் ஒரு அடைமொழி வந்துவிட்டால் ஆள் தள்ளிப்போய்விட்டான் என்று பொருள். இது எனக்கு வலித்தது. யார் மேலும் கோபப்பட வழியில்லாத வலி.

இரண்டாவது பெண் பிள்ளை. செல்வியின் மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் வைத்த பெயர் வெண்பா. மொட்டை போட்டு முடித்தார்கள். காதை மட்டும் செல்வி தொட விடவில்லை. முதலில் கொரோனா, பிறகு என் குடியுரிமை விண்ணப்பம், பிறகு வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை என்று தள்ளித் தள்ளி வெண்பாவுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. மதுரையில் ஐந்து வயதுப் பெண் பிள்ளை கம்மல் இல்லாமல் தெருவில் போனால் எத்தனை பேர் நிறுத்திக் கேட்பார்கள் என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா கேட்பார், பால்காரர் கேட்பார். செல்வியின் புகுந்த வீட்டில் கேட்காத நாளே இல்லை.

சித்திரையில் போன் செய்தாள். "அண்ணே, இந்தத் தடவையும் நீ வரலைன்னா அவளுக்குக் காதே குத்த மாட்டேன். பள்ளிக்கூடம் போனாலும் சரி, கல்யாணமே ஆனாலும் சரி. அம்புட்டுத்தான்."

4

மூன்று வார விடுப்புக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில் 'தங்கை மகளின் காதுகுத்து' என்று எழுதினேன். எங்கள் மேலாளர் நல்லவர், ஆனால் ஸ்காட்லாந்துக்காரர். கூப்பிட்டு விசாரித்தார். காது குத்தக் கடைத்தெருவுக்குப் போனால் பத்து நிமிடம் ஆகுமே என்றார். என் மடியில்தான் குத்த வேண்டும் என்றேன். அப்படியானால் நீ காது குத்தும் பயிற்சி பெற்றவனா என்றார். குத்துவது ஆசாரி, நான் உட்கார்ந்திருப்பேன் என்றேன். உட்காருவதற்கு நாற்காலி போதாதா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நெருங்கிய உறவினர் பட்டியலைப் புரட்டினார். தாய், தந்தை, மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார். மாமன் உறவுக்கு அதில் இடம் இல்லை. எங்கள் ஊரில் மாமன் இல்லாமல் பட்டியலே கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அந்த மூன்று வாரமும் ஏற்கெனவே உன் மனைவிக்கு வேலை நாட்கள், இருவருக்கும் சேர்த்து விடுப்பு கிடையாது, உனக்கும் சந்தேகம்தான் என்று சொல்லி அனுப்பினார். என் மனைவி கவிதாவும் அதே இல்லத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

குவென் நடந்ததைக் கேட்டார். என் விண்ணப்பத்தை வாங்கி, நான் எழுதிய காரணத்தை அடித்துவிட்டு, 'ஐந்து வருடமாகக் காத்திருக்கும் ஒரு குழந்தைக்குக் குட்ச் கொடுக்க' என்று எழுதி உள்ளே அனுப்பினார். ஸ்காட்லாந்துக்காரர்தான், ஆனால் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியவர். அரை மணி நேரத்தில் கையெழுத்தாகி வந்தது. கவிதா இங்கே இருப்பது, நானும் நிலாவும் போவது என்று முடிவாயிற்று.

நிலா உடனே சரி சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். அவளுக்குப் பதினான்கு வயது. எட்டு வயது வரை நான் வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் மேலே ஏறிக்கொள்வாள். சட்டை மாற்ற விடமாட்டாள். எந்த மாதத்திலிருந்து ஏறுவதில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. ஒருநாள் கடைசியாக இறங்கியிருக்கிறாள், அன்று அதுதான் கடைசி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது அறைக்கதவு சாத்தியிருக்கும். எங்களோடு ஆங்கிலம், தோழிகளோடு போனில் வெல்ஷ். வெல்ஷில் பேசினால் அப்பாவுக்குப் புரியாது என்பது அவளுக்குக் கூடுதல் வசதி. தமிழ் நான் திட்டும்போது மட்டும் அவள் காதில் விழுகிற மொழி. தோளில் கை வைத்தால், "அப்பா, ப்ளீஸ்" என்று நகர்ந்துகொள்வாள். அதைத் தமிழில் மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.

5

கோச்சடையில் தெரு திரும்பியதும் பிளெக்ஸ் நின்றது. பன்னிரண்டு அடி. 'வேல்ஸ் மண்ணிலிருந்து வருகை தரும் தங்கத் தாய்மாமன்' என்று போட்டு, பத்து வருடத்துக்கு முந்தைய, தலை நிறைய முடியோடு உள்ள என் படம். கோட்டு, டை எல்லாம் முத்து கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. ஒரு பக்கம் அரிவாளோடு கருப்பசாமி. மறுபக்கம் வெறுமனே இருக்கிறதே என்று, வேல்ஸ் நாட்டுக் கொடியில் இருக்கும் சிவப்பு டிராகனை எடுத்துப் போட்டிருந்தான். நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஒருவர் என்னிடம், "இது யாருண்ணே, உங்க ஊர்க் காவல் தெய்வமா?" என்று பயபக்தியோடு விசாரித்தார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

நிலா போட்டோ அனுப்பாததால் ஆறு வயதில் பல் விழுந்து எடுத்த படத்தைப் போட்டிருந்தார்கள். அவள் பிளெக்ஸ் முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். இதை எப்போது கழற்றுவார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மழை பெய்து கிழிந்தால் என்றேன்.

செல்வியின் மாமனாரை ஊரே ஐயா என்றுதான் கூப்பிடும். நிலா அவரிடம் போய், "நீ எப்படி இருக்க?" என்றாள். செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயா அசரவில்லை. சாமியையும் நாம் நீ என்றுதான் கூப்பிடுகிறோம், பிள்ளை சரியாகத்தான் பேசுகிறது என்று சொல்லிவிட்டார். அதோடு நிலா அவர் கட்சி. அவளிடம் வெல்ஷ் சொற்களைக் கேட்கத் தொடங்கினார். அவள் குட்ச்சைச் சொன்னாள். மாடிப்படி, கரி, அணைப்பு எல்லாவற்றையும் நான் விளக்கினேன்.

ஐயா கண்ணை மூடினார். திறந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது. "பொண்ணு சமைஞ்சா தாய்மாமன் என்ன கட்டுறான்? ஓலையில குச்சு கட்டுறான். எதுக்கு? உள்ள பத்திரமா வைக்க. இங்கருந்து கப்பல்ல போன சொல்லு தம்பி அது."

பிரெஞ்சு என்று சொல்ல நிலா வாயைத் திறந்தாள். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். இந்தச் சொல்லை வைத்து ஏற்கெனவே ஒருவரின் மனதைப் புண்படுத்தியாகிவிட்டது. குவெனுக்கு மலையில் பிறந்திருக்க வேண்டும், ஐயாவுக்கு மதுரையில் பிறந்திருக்க வேண்டும். போகிற இடமெல்லாம் சொந்தம் கொண்டாட ஆள் இருக்கிற சொல். எனக்கு அதன் மேல் லேசாகப் பொறாமை வந்தது.

இதற்கெல்லாம் நடுவே வெண்பா என் பக்கமே வரவில்லை. கொண்டுபோன பொம்மையைக் கதவுக்குப் பின்னால் நின்று வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நான் 'போன் மாமா'. அவள் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "போன் மாமா ஏன் இம்புட்டுப் பெருசா இருக்காரு?"

செல்வி சிரித்துச் சமாளித்தாள். மடி தயார், ஆனால் உட்கார வேண்டியவளுக்கு என்னைத் தெரியவில்லை. விமானம் ஏறி வந்தால் மட்டும் மாமன் ஆகிவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

6

அழகர்கோவிலில் இரண்டு வேன் ஆட்கள். பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் வாடகைக்குப் பிடித்த மண்டபத்துக்கு வந்தோம். சீர்த்தட்டுகளைத் தூக்கி வருவதற்குள் மூன்று தட்டு வாழைப்பழம் குரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல சகுனம் என்றார்கள். பழம் குறைந்ததற்கு அதை விட நல்ல காரணம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மனை போட்டார்கள். பட்டு வேட்டி கட்டி, சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். பதினான்கு வருடமாக நாற்காலியிலேயே உட்கார்ந்தவனுக்குச் சப்பணம் என்பது ஒரு சிகிச்சை. ஆசாரி எதிரே ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செல்வி வெண்பாவைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள்.

வைத்த வேகத்தில் பிள்ளை வில்லாக வளைந்து இறங்கினாள். மறுபடி வைத்தார்கள். முத்து மாமா, முத்து மாமா என்று கத்தினாள். யாரோ பிடிக்கப் போனார்கள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடினாள். மண்டபத்து மாடிப்படிக்கு அடியில், இலைக்கட்டும் அண்டாவும் போட்டு வைத்திருந்த இருட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மண்டபம் பேச ஆரம்பித்தது. பழக்கம் இல்லாத ஆள்தானே என்றார்கள். முத்துவையே உட்காரச் சொல்லுங்கள், நல்ல நேரம் போகிறது என்றார்கள். சொன்னவர்கள் மேல் தப்பு இல்லை. செல்வி தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மாமியார் வீட்டாட்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம், எங்க அண்ணன் வரும் என்று அவள் சொன்ன பதில் அந்த மனையில் வேட்டியோடு உட்கார்ந்திருந்தது.

எழுந்துவிட்டேன். பிள்ளை பயந்து அழுது காது குத்தி, அதற்கு நான் மாமன் என்று பெயர் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"முத்து, நீயே உக்காருடா," என்றேன். "எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

முத்து நகரவில்லை. "இல்லண்ணே. மூத்தவனுக்கு நான் உக்காந்தப்பவே நீ எங்கயோ பொந்துக்குள்ள இருந்து எட்டிப் பாத்துக்கிட்டு இருந்த. அந்த மூஞ்சி எனக்கு இன்னும் மறக்கல. இன்னொரு தடவ நான் உக்கார மாட்டேன்."

அப்போதுதான் நிலா இல்லை என்று கவனித்தேன். அவளும் மாடிப்படிக்கு அடியில் இருந்தாள். பாவாடை தாவணியோடு அண்டாவுக்கும் இலைக்கட்டுக்கும் நடுவே மடங்கி உட்கார்ந்திருந்தாள். போய்க் குனியலாம் என்று இரண்டடி வைத்தவன், அவள் குரல் கேட்டு நின்றேன். தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்து வைத்தாள்.

"எங்க அப்பா மடி... நல்லா இருக்கும். நான் நிறைய உக்காந்திருக்கேன். அது ஆடாது. பயப்படாத."

பிறகு வெண்பாவின் குரல். "அப்ப நீயும் வா மதினி."

7

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். நிலாவின் தலையில் ஒட்டடை. வெண்பாவின் நிபந்தனையை நிலா அறிவித்தாள். வெண்பா நிலா மடியில் உட்காருவாள். நிலா எங்கே உட்கார வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது.

இது செல்லுமா என்று பெரிய விவாதம் நடந்தது. மாமன் மகள் மடி மாமன் மடி ஆகுமா? முன்னால் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா? ஐயா ஏதோ விளக்கம் சொல்லத் தொண்டையைக் கனைத்தார். அவர் ஆரம்பித்தால் நல்ல நேரத்தோடு சேர்த்து ராகு காலமும் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆசாரிதான் காப்பாற்றினார். அடியில் மாமன் மடி இருக்கிறதா இல்லையா, இருந்தால் போதும், மேலே யார் இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டு ஊசியைத் துடைத்தார். ஊசி கையில் இருக்கிறவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

மறுபடி மனையில் உட்கார்ந்தேன். நிலா வந்து ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு என் மடியில் உட்கார்ந்தாள். ஆறு வருடம் கழித்து, பதினான்கு வயதுப் பாரத்தோடு, முழங்கை என் விலாவில் குத்த. அவள் மடியில் வெண்பா. நான் இரண்டு பேரையும் சேர்த்துக் கையால் வளைத்துக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் "அப்பா, ப்ளீஸ்" சொல்லவில்லை.

முதல் காதுக்கு வெண்பா என் சுண்டுவிரலைக் கடித்தாள். இரண்டாவது காதுக்குக் கத்தினாள். மண்டபமே கை தட்டியது. செல்வி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனியன் செல்போனில் படம் எடுத்தபடி, மாமா இங்க பாருங்க என்றான். நானும் முத்துவும் ஒரே நேரத்தில் திரும்பினோம். முத்து சிரித்துக்கொண்டே, உன்னத்தான் என்றான்.

முடிந்தது, எழுந்திருக்கலாம் என்றார் ஆசாரி. வெண்பா அழுது களைத்து நிலா கழுத்தில் சாய்ந்திருந்தாள். நிலா என் மேல் சாய்ந்திருந்தாள்.

"அப்பா, கால் வலிக்குதா?"

இடுப்புக்குக் கீழே எனக்குக் கால் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. இல்லை என்றேன்.

8

திரும்பி வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வெண்பா வாரம் ஒருமுறை வீடியோவில் கம்மலைக் காட்டுகிறாள். 'போன்' போய் வெறும் மாமா ஆகிவிட்டேன். குவெனுக்கு அழகர்கோவில் தோசை கொண்டுவந்து கொடுத்தேன். கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்றார். அந்தச் சொல் மதுரையிலிருந்து கப்பலேறியதாக ஐயா கருதுவதையும் சொன்னேன். பிரெஞ்சுக்காரர்களுக்கு மதுரை எவ்வளவோ மேல் என்றார்.

நிலாவின் அறைக்கதவு மறுபடி சாத்திக்கொண்டது. மூன்று வார மதுரை அவளை மாற்றிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். விமான நிலையத்திலேயே காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வெல்ஷுக்குப் போய்விட்டாள்.

அதனால் போன வாரம் அந்தப் படிவத்தில் ஒன்றைக் கூடுதலாக நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பெயர் என்ற இடத்தில் நிலா பெருமாள் என்று எழுதி, அவள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அது அதே வழியாக வெளியே வந்து கிடந்தது. சர்க்கரை: வேண்டாம். கதவு: சாத்தியே இருக்க வேண்டும், இதற்கு இரண்டு கோடு. குட்ச் கொடுக்கலாமா? 'ஆம்' கட்டம் காலி. 'இல்லை' கட்டமும் காலி. 'கேட்டுவிட்டு' என்பதில் டிக் அடித்திருந்தாள். அதன் கீழே, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்துப் பாதி மறந்துபோன தமிழில், கோணல் மாணலாக ஒரு வரி இருந்தது.

'ஆனா கேளுங்க.'

படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.